மரல் என்றொரு பெயர் நமக்குண்டு

புதுக்கோட்டையிலும் இப்பொழுது நாற்றுப்பண்ணைகளில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். வாள்போல் நிமிர்ந்த இலைகளில் பாம்பின் வரி. விளிம்பில் மஞ்சள் கோடு. பெயரிலோ குறையொன்றுமில்லை. ஆனால் தமிழ் படித்த நாமும் அந்தப் பெயரோடு நின்றுவிடலாமா என்பதே கேள்வி.

தொட்டியிலிருக்கும் இச்செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவான மருள், நம் வறண்ட நிலத்துச் செடி. சங்கப் பாடல்கள் சொல்லும் மரல் இதுவே என்பர் தாவரவியல் அறிந்தோர். கலித்தொகையின் ஆறாம் பாட்டில், மழை பொய்த்த காட்டில் மரையா மேய்வது மரலைத்தான். புறநானூற்று 264ஆம் பாட்டில் உறையூர் இளம்பொன் வாணிகனார் காட்டும் நடுகல்லுக்கு, மரலைக் கீறி எடுத்த நாரால் தொடுத்த செம்பூங்கண்ணி சூட்டுகிறார்கள். தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்த பொற்பனைக்கோட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருந்தும் வகுப்பறையில் மரலுக்கு நாம் எழுதிப்போடும் பொருள், 'ஒருவகைச் செடி'. (உரைநூல்களைக் குறை சொல்லிப் பயனில்லை, செடியைக் காட்ட வேண்டியவர் ஆசிரியர்.)

பெயர் தெரிந்தால் வளர்க்கும் முறையும் பாதி தெரிந்துவிடும். பாலைக்குப் பழகிய இனம் இது. இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்துக்கொண்டு, பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறக்கிறது. இதற்கு நாள்தோறும் நீர் வார்ப்பது அன்பன்று. கிழங்கு அழுகிச் சாகும். அடியில் துளையுள்ள மண்தொட்டி, மணல் கலந்த செம்மண், விரலை விட்டுப் பார்த்து மண் நன்கு காய்ந்தபின் நீர் - இவ்வளவு போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் குறைக்கலாம். இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் வளரவும் வளராது, சன்னலோரமே நல்லது. வீட்டில் பூனை, நாய் இருந்தால் அவை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்ளாது.

அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்பது விற்பனைப் பேச்சு. 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடிய சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. சன்னல் திறந்து மூடும் நம் வீடு கூண்டன்று. 2019இல் வெளிவந்த மறுஆய்வொன்று, கட்டடத்தில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்திற்கு ஈடாகச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கணக்கிட்டது. அத்தனைக்கும் இடம்விட்டால் நாம் எங்கே உட்கார்வது?

துறை அறையில் இச்செடி இருக்குமானால், புறம் 264 நடத்தும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். முற்றிய இலையொன்றைக் கீறி நாரெடுத்து, மாணவரைக் கொண்டே செவ்வரளி தொடுக்கச் செய்யலாம். இன்னோர் இலையைத் துண்டாக்கி மணலில் நட்டால் வேர் பிடிக்கும். வரும் கன்றில் மஞ்சள் விளிம்பு மட்டும் இராது. அதுவும் வேண்டுவோர் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.