வாங்கவா போறே?

2024 ஜூன் மாசம். புகாட்டி கம்பெனிக்காரங்க புது வண்டிய அறிமுகப்படுத்துன மறுநாள். ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில தயிர்சாத டப்பா, இன்னொரு கையில மொபைல்னு உக்காந்து அந்த வீடியோவ வாய் பொளந்து பாத்துட்டு இருந்தேன். வண்டி பேரு டூர்பியோன். மொத்தமே 250 தான் செய்வாங்களாம். 16 சிலிண்டர், 1800 குதிரைசக்தி. விலை 38 லட்சம் யூரோவுல ஆரம்பம், வரி தனி.

பின்னாடி வந்து எட்டிப் பாத்த சீனியர் அண்ணன் ஒருத்தர் கேட்டாரு: "ஏம்ப்பா, வாங்கவா போறே?"

எங்கிட்ட இருக்கறது பதினோரு வருஷப் பழைய ஸ்கூட்டர். அதுவும் மழைக்காலத்துல நாலு உதை வாங்காம கிளம்பாது. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சு வச்சேன். சரியான பதில் டப்பா கழுவும்போதுதான் தோணுச்சு. வழக்கம்போல லேட்டு. அதான் இங்க எழுதறேன், மக்களே. கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல இந்தப் பேருங்கள எடுத்துக்குவோம். இந்த மாதிரி வண்டிங்களோட கெத்துல பாதி பேர்லதான் இருக்கு. வாய்க்குள்ள நுழையக் கூடாதுங்கறது எழுதப்படாத சட்டம் போல. ஆனா அந்தந்த ஊர்க்காரன் காதுல அது எப்படி விழும்னு யோசிச்சுப் பாத்தா சிரிப்பா வரும். 2019ல புகாட்டி ஒரே ஒரு வண்டி செஞ்சு, வரி சேக்காம 1 கோடியே 10 லட்சம் யூரோன்னு விலை சொன்னாங்க. பேரு 'லா வுவாத்யூர் நுவார்'. ஆஹா, என்னமோ பிரெஞ்சுக் கவிதைன்னு நெனச்சேன். அர்த்தம் பாத்தா 'கருப்பு கார்'. அவ்ளோதான்! அதே வருஷம் வந்த 'சென்டோடியேச்சி'ன்னா இத்தாலியன்ல நூத்திப்பத்து. கம்பெனிக்கு 110 வயசாம். லம்போர்கினியோட 'செஸ்டோ எலமென்டோ' ஆறாவது தனிமம், அதாவது கார்பன். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி வாத்தியார் வச்ச பேரு மாதிரி இல்ல?

எல்லாத்துக்கும் மேல 2013ல வந்த 'லாஃபெராரி'. கம்பெனி பேரையும் சேத்துச் சொன்னா 'ஃபெராரி லாஃபெராரி'. நம்ம பாஷையில சொல்லணும்னா 'சுப்பையா கடையோட அந்த சுப்பையா கடை'. உலகம் பூரா கார் பைத்தியங்க இத வச்சு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனாங்க. 499 பேரு வாங்கிட்டுப் போயிட்டாங்க, ஓட்டுன நாங்க லட்சக்கணக்குல. (வண்டிய இல்லீங்க, கம்பெனிய.)

ஆனா எல்லாப் பேரையும் இப்படி நக்கல் அடிச்சுட முடியாது. ஸ்வீடன்ல கோனிக்ஸெக்னு ஒரு கம்பெனி. 1994ல அத ஆரம்பிச்சப்போ கிறிஸ்டியன் வான் கோனிக்ஸெக்குக்கு வயசு 22. 2019 ஜெனீவா கண்காட்சியில அவர் ஒரு புது வண்டி மேல இருந்த துணிய எடுத்தாரு. பேரு 'யெஸ்கோ'. அவங்க அப்பா பேரு அது. 125 வண்டி. 2025ல 30 வண்டி மட்டும் செய்யப் போறோம்னு இன்னொண்ணு அறிவிச்சாங்க, பேரு 'சடேர்ஸ் ஸ்பியர்'. இது அப்பா 1976ல கடைசியாப் பந்தயத்துல ஓட்டுன குதிரையோட பேரு. நடுவுல வந்த 'ஜெமேரா'ங்கற பேரு அம்மா சொன்னது. ஸ்வீடிஷ்ல 'இன்னும் குடு'ன்னு அர்த்தம் வரும். நம்மூர்ல லாரி நெத்தியில பெத்தவங்க பேர எழுதி வைக்கறோமே, அதே மனசுதான். என்ன, இவங்க லாரி 450 கிலோமீட்டர் வேகத்துல போகும்.

அர்ஜென்டினாவுல பொறந்து இத்தாலிக்குப் போய் கம்பெனி வச்ச ஒராசியோ பகானி கதையும் அப்படித்தான். தன்னோட முதல் வண்டிக்கு அவங்க ஊர் பந்தய வீரர் ஃபான்ஜியோ பேர வைக்கணும்னு ஆசைப்பட்டாரு. 1995ல ஃபான்ஜியோ இறந்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர உபயோகிக்கறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டு, ஆண்டீஸ் மலையில இருந்து அர்ஜென்டினாவுக்குள்ள எறங்கற அனல்காத்தோட பேர வச்சாரு. 1999ல வந்த 'ஸோண்டா' அதான். அடுத்த வண்டி 2011ல. அந்த மலை ஜனங்களோட காத்துச் சாமி பேரு. எழுத்தப் பாத்து நான் ரொம்ப நாள் 'ஹுவாய்ரா, ஹுவாய்ரா'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, 'வைரா'ன்னு சொல்லணுமாம். நம்ம வைரம் மாதிரி சுலபமா இருந்திருக்கு :-)

எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு ஒண்ணு இருக்கு. லம்போர்கினி 'குன்டாச்'. எங்க தெரு முடிதிருத்தும் கடைச் செவுத்துல மஞ்சள் கலர்ல, கதவு ரெண்டும் மேல தூக்கி நிக்கற மாதிரி ஒரு போஸ்டர் இருக்கும். 'கவுன்டாக்'னு படிப்போம். அத வரைஞ்ச மார்செல்லோ காந்தீனி (2024ல காலமானார்) பேர் வந்த கதைய சொல்லியிருக்காரு. அந்த வண்டி உருவாகிட்டு இருந்தப்போ பூட்டு வேலை செஞ்சுட்டு இருந்த தொழிலாளி ஒருத்தர் இருந்தாராம். நெடுநெடுன்னு உயரம். பியட்மாண்ட் வட்டார பாஷை மட்டும்தான் பேசுவாரு. அவர் அடிக்கடி சொல்ற வார்த்தை 'குன்டாச்'. நேரா அர்த்தம் பாத்தா ஏதோ கொள்ளை நோய்னு வருமாம். ஆனா சொல்றது ஆச்சரியத்துல. நாம 'அடேங்கப்பா'ங்கறோமே, அந்த இடத்துல வர்ற வார்த்தை. அதையே பேரா வச்சுடலாமான்னு விளையாட்டா ஆரம்பிச்சு, 1971ல ஜெனீவாவுல அந்தப் பேரோடயே வண்டி மேடை ஏறிடுச்சு.

இத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பூட்டுக்காரர் அந்த வண்டிய வாங்கியிருக்க முடியுமா? அவர்கிட்ட யாராச்சும் 'வாங்கவா போறே'ன்னு கேட்டிருந்தா? ஆனா அரை நூற்றாண்டுக்கு மேல உலகமே உச்சரிக்கறது அவர் வாயில இருந்து வந்த அடேங்கப்பாவத்தான்.

2021ல அதே பேர வச்சு, 112 வண்டி மட்டும்னு சொல்லி, புதுசா ஒண்ணு விட்டாங்க. காந்தீனி அறிக்கை விட்டாரு: எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. அதுக்காக விற்பனை ஒண்ணும் நிக்கல.

நிற்க. இந்த 'இத்தனைதான் செய்வோம்' கணக்குக்கு வருவோம். இந்த எண்ணுங்க கல்வெட்டு மாதிரி தோணும். ஆனா ரப்பர் மாதிரி இழுபடும். ஃபெராரி என்ஸோ 349ன்னு ஆரம்பிச்சு 399 ஆச்சு. ஸோண்டாவுக்கு அடுத்த தலைமுறை வண்டி வந்த பிறகும் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு'ன்னு ஸோண்டா வந்துட்டே இருந்துச்சு. சாவே இல்லாத வண்டின்னு ரசிகர்கள் கிண்டல் பண்ற அளவுக்கு. லம்போர்கினி வெனேனோ (விஷம்னு அர்த்தம், ஒரு மாடுபிடி வீரரைக் கொன்ன காளையோட பேரு) 2013ல விக்கறதுக்கு மூணே மூணுன்னாங்க, விலை 30 லட்சம் யூரோ. கொஞ்ச நாள்லயே கூரை இல்லாம ஒன்பது வந்துச்சு.

நல்ல காரியத்துக்கும் எண்ணு தாண்டியிருக்கு, அதையும் சொல்லணும். 400வது என்ஸோவ ஃபெராரி செஞ்சு போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் குடுத்தாங்க. அத ஏலம் விட்டு 2004 சுனாமியில பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுக்கறதுன்னு முடிவாச்சு. 2005 ஜூன்ல மரனெல்லோவுல ஏலம், 9.5 லட்சம் யூரோவுக்குப் போச்சு. நம்ம கடற்கரையையும் வாரிச் சுருட்டுன அந்த அலைக்காக ஒரு என்ஸோ ஏலம் போயிருக்குன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது ரொம்பப் பின்னாடி. லாஃபெராரியிலயும் இப்படித்தான், 2016 இத்தாலி நிலநடுக்கத்துக்காக 500வதா ஒண்ணு செஞ்சு 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டாங்க.

இப்போ அந்த அண்ணனோட கேள்விக்கு வர்றேன். 2018ல புகாட்டி 'டிவோ'ன்னு ஒரு வண்டிய வெளியுலகத்துக்குக் காட்டுனாங்க. மொத்தம் 40. காட்டுறதுக்கு முன்னாடியே நாப்பதும் வித்து முடிஞ்சுடுச்சு. அப்புறம் எதுக்குங்க மேடை, லைட்டு, மியூசிக்கு, வீடியோ? வாங்க வேண்டியவன் வாங்கியாச்சு. கடையில சரக்கு காலி. அப்போ அந்தத் திருவிழா யாருக்கு? நமக்குத்தான். நாம வாய் பொளக்கணும். அப்பதான் அந்த நாப்பது பேரோட காசுக்கு மதிப்பு. ரோட்டுல யாருமே திரும்பிப் பாக்காத ஊர்ல இந்த வண்டிய எவன் வாங்குவான்? நாம பாக்கற பார்வையும் சேந்துதான் அந்த விலை. சம்பளமே இல்லாம அந்த வேலைய நாம செஞ்சுட்டு இருக்கோம்.

அப்படின்னா அந்த 'அடேங்கப்பா'வ யாருக்கும் சும்மா குடுக்கக் கூடாது, உண்மைக்குத்தான் குடுக்கணும்கறது என் கட்சி. இத எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க அக்கா பையன்.

2020 அக்டோபர். அமெரிக்காவுல எஸ்எஸ்சின்னு ஒரு சின்ன கம்பெனி. அவங்க வண்டி பேரு 'டுவாட்டாரா'. நியூசிலாந்துல இருக்கற, பல்லி மாதிரி தெரியற ஆனா பல்லி இல்லாத ஒரு பிராணி. நூறு வருஷம்கூட உசுரோட இருக்குமாம், வளர்றது ஆமை வேகம். அந்தப் பேர வச்சுக்கிட்டு நெவாடா மாகாண நெடுஞ்சாலை ஒண்ணுல சராசரியா மணிக்கு 508.73 கிலோமீட்டர், உச்சத்துல 532.93 போனோம்னு அறிவிச்சாங்க. அதே ரோட்டுல 2017ல கோனிக்ஸெக் 'அகேரா ஆர்எஸ்' போட்ட சாதனை 447. ஒரேயடியா 60 கிலோமீட்டர் அதிகம்! லாக்டவுன் நேரம். எனக்குத் தலைகால் புரியல. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு வீடியோவப் போட்டுக் காட்டுனேன்.

அக்கா பையன் அப்போ ஒன்பதாவது. ரெண்டு நாள் கழிச்சு நோட்டோட வந்தான். "மாமா, இது சரியா வரல."

விஷயம் என்னன்னா, அந்த வீடியோவுல ரோட்டோரம் தெரியற அடையாளங்கள வச்சு உலகம் பூரா ரசிகர்கள் கணக்குப் போட ஆரம்பிச்சிருந்தாங்க. ஒரு அடையாளத்துக்கும் அடுத்த அடையாளத்துக்கும் எவ்ளோ தூரம்னு மேப்புல அளக்கலாம். எத்தனை செகண்டுன்னு வீடியோவுல எண்ணலாம். 500ல போனா ஒரு கிலோமீட்டர தாண்ட 7.2 செகண்டு. 450ல போனா 8 செகண்டு. திரையில காட்டுற வேகமும் வண்டி நகர்ற வேகமும் ஒத்துப் போகல. இவனும் அதையே போட்டுப் பாத்திருக்கான்.

நான் என்ன செஞ்சேன்? "போடா, அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா, நீ மொதல்ல ஆன்லைன் கிளாஸ ஒழுங்கா கவனி"ன்னு விரட்டிட்டேன். மூஞ்சி தொங்கிப் போச்சு பையனுக்கு.

கம்பெனிக்காரங்க மொதல்ல வீடியோ எடிட்டிங்ல தப்புன்னாங்க. அப்புறம் திரும்ப ஓட்டிக் காட்டுறோம்னாங்க. 2021 ஜனவரியில ஃபுளோரிடாவுல ஓட்டுனாங்க. சராசரி 455. அதுவே பெரிய வேகம்தான், யாரும் இல்லைங்கல. ஆனா 508 எங்க, 455 எங்க? அந்த வருஷம் ஜூலையில, 2020ல சொன்ன வேகத்த நாங்க தொடலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரியே அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். "மாப்ள, நீ சொன்னதுதான்டா சரி. மாமாவ மன்னிச்சுடு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பரவால்ல மாமா. 455ம் செம ஸ்பீடுதான்"ங்கறான். கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சவன்தான், ஆனா வண்டி மேல இருந்த ஆசை அவனுக்குக் கொஞ்சமும் குறையல. நான்தான் ஆசைய வச்சுக்கிட்டு கணக்க விரட்டிட்டேன்.

அதனால அந்த அண்ணனுக்கு என் பதில் இதுதான். வாங்கப் போறதில்ல அண்ணே. ஆனா பாக்குறவன் நான், பேரச் சொல்லிப் பரப்புறவன் நான், சந்தேகம் வந்தா செகண்டு எண்ணிப் பாக்குறவனும் நான்தான். அப்பா பேர வச்சா நெகிழ்வேன், கருப்பு காருக்கு 'கருப்பு கார்'னு வச்சுட்டுப் பந்தா காட்டுனா சிரிப்பேன். இந்த உரிமைக்கு 38 லட்சம் யூரோ எல்லாம் கட்ட வேண்டியதில்ல.

டிஸ்கி: பையன் இப்போ காலேஜ் போறான். நம்ம ஸ்கூட்டருக்கும் ஒரு பேரு வைக்கலாம், 'வைரா' எப்படிடான்னு போன வாரம் கேட்டேன். "மொதல்ல சர்வீஸ் விடுங்க மாமா"ன்னுட்டான். உங்களுக்கு ஏதாச்சும் நல்ல பேரு தோணுனா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.