ஆய்வுக்கு ஆய்வே பதில்

ஒரு விஞ்ஞானியின் ஆய்வு முடிவு அரசுக்குச் சங்கடம் தருமானால் அரசு என்ன செய்ய வேண்டும்? அவரது உள்நோக்கத்தை ஆராய வேண்டுமா, அல்லது அவர் எடுத்த அளவீடுகளை ஆராய வேண்டுமா? தலைநகர் தில்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புகைமூட்டத்துடன் சேர்ந்தே எழும் கேள்வி இது. விடை தேடுவோர், வீரபத்ரன் ராமநாதன் என்ற பருவநிலை விஞ்ஞானியின் ஆய்வுப் பணியையும், அதை 2002-ம் ஆண்டில் தில்லி எதிர்கொண்ட விதத்தையும் திரும்பிப் பார்ப்பது நல்லது.

ராமநாதன் 1944-ம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற பின், செகந்திராபாதில் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். குளிரூட்டும் வாயு கசிவதைத் தடுப்பதற்கு வழி காண்பது அவருக்கு இடப்பட்ட வேலை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பை முடித்து, அமெரிக்கா சென்று 1974-ல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது செவ்வாய், வெள்ளி ஆகிய கிரகங்களின் வளிமண்டலத்தை.

அடுத்த ஆண்டே அவர் பெயரை உலகறியச் செய்த கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வெளியானது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்படும் குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். புவி வெப்பமடைவதற்குக் கரியமில வாயு மட்டுமே காரணம் என்று கருதப்பட்ட காலம் அது. அந்த வாயுக்களைத் தயாரித்து விற்றவை பெரும்பாலும் பணக்கார நாடுகளின் நிறுவனங்களே என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

1980-ல் ரோலண்ட் மேடன் என்பவருடன் இணைந்து எழுதிய கட்டுரையில், மனிதச் செயலால் ஏற்படும் வெப்ப உயர்வு 2000-ம் ஆண்டுக்குள் அளவீடுகளில் தெளிவாகத் தென்படும் என்று கணித்தார். ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு, கடந்த 50 ஆண்டுகளில் ஏற்பட்ட வெப்ப உயர்வின் பெரும்பகுதிக்கு மனிதர் வெளியேற்றிய வாயுக்களே காரணமாக இருக்கக்கூடும் என்று 2001-ல் அறிவித்தது. எனினும் அவரது எல்லாக் கருத்துகளும் அப்படியே ஏற்கப்படவில்லை. வெப்பமண்டலக் கடற்பரப்பின் வெப்பத்தை மேகங்களே ஒரு வரம்புக்குள் கட்டுப்படுத்துகின்றன என்று 1991-ல் அவர் முன்வைத்த கருதுகோளைச் சக விஞ்ஞானிகள் கடுமையாக மறுத்தனர். எழுத்தில் வந்த கருத்துக்கு எழுத்திலேயே மறுப்பு வந்தது. அறிவியலில் இது இயல்பான நடைமுறை.

இத்தகைய ஆய்வு வரலாறு உடையவரின் அடுத்த பணிதான் தில்லியை முகம் சுளிக்க வைத்தது.

1999-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தியப் பெருங்கடல் பரிசோதனை என்ற பெரிய கள ஆய்வு நடைபெற்றது. மாலத்தீவை மையமாகக் கொண்டு, விமானங்கள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள் உதவியுடன் நடந்த இந்த ஆய்வுக்கு ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்சனும் தலைமை வகித்தனர். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ரா உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகளும் பங்கேற்றனர். தெற்காசியாவின் மீதும் அதையொட்டிய கடற்பரப்பின் மீதும் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்தது தெரியவந்தது. நிலத்தை எட்டும் சூரிய ஒளியை இப்படலம் 10 முதல் 15 சதவீதம் வரை குறைப்பதாக இவற்றின் அடிப்படையில் மதிப்பிடப்பட்டது.

2002 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற தலைப்பில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு லண்டனில் அறிக்கை வெளியிட்டது. தில்லியில் எழுந்தது கடும் அதிருப்தி. அப்போது மத்திய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் டி.ஆர். பாலு. அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் தில்லியில் நடைபெற்ற ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கும் அவரே தலைவர். இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின்னர் 'ஆசிய' என்ற சொல் நீக்கப்பட்டு 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' எனப் பெயர் மாறியது.

அன்றைய சந்தேகம் அடிப்படையற்றது என்று கூறிவிட முடியாது. கியோட்டோ உடன்பாட்டை அமெரிக்கா 2001-ல்தான் நிராகரித்திருந்தது. நூறாண்டுக்கும் மேலாகக் கரியமில வாயுவை வெளியேற்றிய நாடுகள், ஏழைப் பெண்ணின் விறகு அடுப்பைக் காட்டித் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்குமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், அச்சத்துக்கு விடை பெயர் மாற்றம் அல்ல.

அதற்கு முன்பே இந்தியா சரியான வழியைக் காட்டியிருந்தது. நமது நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 370 லட்சம் டன் மீத்தேன் வெளியாவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. மித்ரா கண்டனத்தோடு நிற்கவில்லை. 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் வயல்களிலேயே அளவிட ஏற்பாடு செய்தார். உண்மை அளவு சுமார் 40 லட்சம் டன் என்று தெரிந்தது. விவசாயியின் மீது சுமத்தப்பட்ட பழி அளவீட்டால் நீங்கியது.

பழுப்பு மேக விவகாரத்திலும் சில விஞ்ஞானிகள் அவ்வழியே சென்றனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் 2002-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தனர். இப்படலம் மழையற்ற மாதங்களுக்கு உரியது. அதைக்கொண்டு பருவமழை பற்றி அச்சமூட்டும் முடிவுக்கு வருவது சரியல்ல என்பது அவர்கள் வாதம். ராமநாதன், க்ரூட்சன், மித்ரா, டி.ஆர். சிக்கா ஆகியோர் அதே இதழில், அதே ஆண்டில் பதிலளித்தனர். யார் தேசபக்தர் என்ற கேள்வி அங்கு எழவில்லை. எந்த அளவீடு எதைக் காட்டுகிறது என்பதே பேச்சாக இருந்தது.

ராமநாதனின் பிந்தைய கட்டுரைகள் இந்த விவாதத்தை மேலும் கூர்மையாக்கின. கரும்புகை சூரிய ஒளியை உறிஞ்சி வளிமண்டலத்தைச் சூடாக்குவதை, ஆளில்லா விமானங்கள் மூலம் அளந்து 2007-ல் 'நேச்சர்' இதழில் அவரும் குழுவினரும் வெளியிட்டனர். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கரும்புகைத் துகள் சில நாள்கள் முதல் சில வாரங்களே தங்கும். ஆகவே, புகையைக் குறைத்தால் பலன் விரைவில் கிட்டும். ஆனால், கரியமில வாயுவைக் குறைப்பதற்கு இது மாற்று அல்ல. இரண்டும் தேவை.

2008-ல் வெளியான ஐ.நா. அறிக்கை, பழுப்பு மேகம் அடர்ந்த 13 பெருநகரங்களைப் பட்டியலிட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா மூன்றும் அதில் இடம்பெற்றன. இன்று தில்லிவாசிக்கு அந்த மேகத்தை நிரூபிக்க எந்தக் கட்டுரையும் தேவையில்லை. அவர்தம் குழந்தையின் இருமலே போதும்.

ஆனால், 2002-ம் ஆண்டின் மனப்போக்கு மாறிவிட்டதா? காற்று மாசுக்கும் ஆயுள் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்று 2019 டிசம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் மக்களவையில் தெரிவித்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பங்கேற்ற ஆய்வு, 2017-ல் மட்டும் 12.4 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம் என மதிப்பிட்டிருந்தது. சொந்த அமைப்பின் கட்டுரையையே அரசு கண்டுகொள்ளாவிட்டால், அயல்நாட்டு ஆய்வுகளைக் குறை கூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

2019-ல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் இதன் நிழல் தெரிகிறது. அதன் நிதியில் 64 சதவீதம் சாலைப் புழுதியைக் கட்டுப்படுத்தச் செலவிடப்பட்டதாக, தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்கிட்டது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்கள் வாகனம், தொழிற்சாலை, அனல்மின் நிலையம், அடுப்பு, எரியும் வயல் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. சாலையில் தண்ணீர் தெளிப்பதால் அவை அடங்கா.

அரசு செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு நகரிலும் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு புகை வருகிறது என்ற கணக்கைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளியிட வேண்டும். நாடாளுமன்றத்தில் ஓர் ஆய்வை மறுக்கும் அமைச்சர், மறுப்புக்கு ஆதாரமான ஆய்வையும் அவையில் வைக்க வேண்டும். அத்தகைய ஆய்வு இல்லையெனில் அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். உறுப்பினர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ராமநாதனுக்கு 2026-ல் ஸ்வீடன் ராயல் அறிவியல் கழகம் கிராஃபோர்டு பரிசு வழங்கியபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை பொருளுடையதாக வேண்டுமானால், அவர் அளந்த புகையைக் குறைக்க வேண்டும்.