கேத்தலில் படியும் வெள்ளை



மின்சாரக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரில் வுழூச் செய்யலாமா என்று உக்குவளைப் பெண்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். மாத்தளைப் பகுதியில் சுண்ணக்கல்லும் டொலமைட்டும் நிறைய உண்டு. அப்பாறைகளூடே ஊறிவரும் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் கொதிக்கும்போது பிரிந்து படிகிறது. தண்ணீர் ஊறும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ளவை கலப்பதால் அதன் தூய்மை கெடாது என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். குடித்தாலும் அது நஞ்சல்ல.

ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். படிவு தடித்தால் நீர் சூடேறத் தாமதமாகும், மின்சாரம் விரயமாகும். பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீரில் 1976 முதல் உக்குவளையிலேயே மின்சாரம் எடுக்கிறார்கள்தான். அதற்காக நம் பில்லைக் குறைத்துவிடுவார்களா என்ன!

சிலர் வினாகிரி ஊற்றுகிறார்கள். தென்னங்கள்ளில் செய்த வினாகிரி ஆகுமா என்பது அடுத்த கேள்வி. கள் தானாகவே மாறி வினாகிரியானால் சுத்தம். அதில் வேறு பொருள் போட்டு மாற்றினால் நம் மத்ஹபில் சுத்தமாகாது. போத்தலைப் பார்த்து இதை எப்படி அறிவது? வீட்டில் தேசிக்காய் இருக்க, இந்தத் தர்க்கம் எதற்கு?

அரைக் கேத்தல் நீரைக் கொதிக்கவைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். மூன்று தேசிக்காயின் சாற்றை வடித்து ஊற்றி, ஒரு மணி நேரம் வையுங்கள். நுரைத்துப் படிவு இளகும். தடித்திருந்தால் மறுநாளும் செய்யுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். அலசியபின் வெறும் நீரை ஒருதடவை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் பிளேன்டீயில் புளிப்பு இராது.