யாருடைய சொல் நம்பப்படுகிறது? கோதிக் திகில் ஆட்டமும் பாத்திர வகுப்புகளும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஒருவர் கதையுலகை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிச் செயல்படுவர். முடிவு தெரியாத இடங்களில் பகடை தீர்ப்பளிக்கும். ஒரு பாத்திரம் எதைச் செய்ய வல்லது என்பதை வரையறுப்பதே அதன் 'வகுப்பு'. 1974இல் வெளியான டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று வகுப்புகளுடன் தொடங்கியது: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. அன்று முதல் வகுப்பு என்பது பெரும்பாலும் ஆற்றல்களின் பட்டியலாகவே கருதப்பட்டு வருகிறது. மந்திரம் அரிதாக உள்ள கோதிக் திகில் ஆட்டத்தை உருவாக்க முனைவோரும் அதே பட்டியலை எடுத்து, சிலவற்றை நீக்கிச் சுருக்குவதோடு நின்றுவிடுகின்றனர். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

சமயகுரு வகுப்பின் பிறப்பே இதற்குச் சான்று. ஆட்டத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரான டேவ் ஆர்னசன் நடத்திய தொடக்ககால ஆட்டத்தில், ஃபாங் என்னும் ரத்தக்காட்டேரிப் பாத்திரம் எவராலும் அடக்க முடியாததாக வளர்ந்தது. அதற்கு எதிராக, ஹாமர் திரைப்படங்களில் பீட்டர் குஷிங் ஏற்ற வேன் ஹெல்சிங்கை மனத்தில் கொண்டு அவ்வகுப்பு வடிக்கப்பட்டது என்பர். திகில் கதையிலிருந்து வந்த அவ்வகுப்பு திகிலையே போக்கிவிட்டது. சமயச் சின்னத்தை உயர்த்திப் பகடையை உருட்டினால் பேய் ஓடிவிடும் என்று விதிநூலிலேயே எழுதியிருக்கும்போது அங்கு அச்சத்திற்கு இடமில்லை.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை வேறொரு கண்ணோட்டத்தில் படிக்கலாம். அதில் வரும் குழு ஓர் ஆட்டக்குழுவைப் போன்றதே: வழக்கறிஞர் ஹார்க்கர், மனநல மருத்துவர் செவார்டு, அறிஞர் வேன் ஹெல்சிங், பிரபு குலத்து ஆர்தர், அமெரிக்கரான மோரிஸ், பள்ளி ஆசிரியையாக இருந்த மீனா. இவர்களில் மந்திரவாதி எவருமில்லை. இறுதியில் டிராகுலாவை வீழ்த்துபவை இரு கத்திகள். அவற்றுள் ஒன்று குக்ரி. ஆனால் அக்கத்திகள் அவ்விடத்தை அடையக் காரணம் மீனாவின் சுருக்கெழுத்தும் தட்டச்சுமே. சிதறிக் கிடந்த நாட்குறிப்புகளையும் ஃபோனோகிராஃப் பதிவுகளையும் தட்டச்சு செய்து கால வரிசைப்படுத்தியவர் அவர். டிராகுலா எந்த ஆற்றுவழியே தப்புகிறான் என்பதைக் கணித்தவரும் அவரே.

இந்நாவலின் பேரிடர்கள் நிகழும் விதம் கவனத்திற்குரியது. லூசியின் தாய் பூண்டுப் பூக்களை அகற்றிச் சன்னலைத் திறந்து வைக்கிறார். அவை எதற்கு என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. தன்னை உடனே வெளியே அனுப்புமாறு ரென்ஃபீல்டு மன்றாடுகிறான். காப்பகத்து நோயாளியின் பேச்சு என்பதால் செவார்டு மறுத்துவிடுகிறார். பெண்ணின் உள்ளம் தாங்காது என்று மீனாவை ஆலோசனையிலிருந்து விலக்குகின்றனர். தனித்துவிடப்பட்ட அவரையே டிராகுலா தாக்குகிறான். மூன்று இடங்களிலும் குறைந்தது ஆற்றல் அன்று. ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடையவில்லை, அல்லது சென்றடைந்தும் நம்பப்படவில்லை.

ஆகவே, மந்திரம் குறைந்த கோதிக் ஆட்டத்தில் ஒவ்வொரு வகுப்பையும் மூன்று கேள்விகளால் வரையறுப்பதே பொருத்தம். இவர் எதை அறிவார்? எதைக் காண மறுப்பார்? இவர் சொல்வதை யார் நம்புவர்? மருத்துவரின் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. ஆயினும் கண்ட அனைத்திற்கும் நோயின் பெயரைச் சூட்டும் பழக்கத்தால் அவருக்குச் சில கதவுகள் அடைபட்டிருக்கும். பணிப்பெண் எல்லா அறைகளிலும் நுழைவார், எல்லாவற்றையும் கேட்பார், அவர் சொல்வதை மட்டும் எவரும் கேளார். இவ்விருவரும் ஒருவரையொருவர் நாடியே தீரவேண்டும் என்ற நிலையில்தான் ஆட்டம் உயிர்பெறுகிறது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1981இல் வந்த கால் ஆஃப் கதூலு வகுப்புகளைக் கைவிட்டுத் தொழில்களை வைத்தது. அங்கே மறைபொருள் அறிவு பெருகப் பெருக, மனநலத்தின் உச்சவரம்பு குறையும். 1890களைக் களமாகக் கொண்ட மாஸ்க் ஆஃப் த ரெட் டெத் (1994) பழைய வகுப்புகளை நான்காகச் சுருக்கி, மந்திரத்தையே ஆபத்தாக்கியது. முன்னது அறிவுக்கு விலை வைத்தது. பின்னது மந்திரத்திற்கு விலை வைத்தது. நம்ப மறுப்பதற்கு விலை வைப்பதே எஞ்சியுள்ள பணி.

எதிர்வாதம் ஒன்று எழும், அது வலுவானது. சமூக ஏற்றத்தாழ்வை விதியாக்கினால், பணிப்பெண்ணாக ஆடுபவர் வாழ்வில் பட்ட அவமதிப்பை மேசையிலும் படவேண்டுமா? வேண்டியதில்லை. நாவலைப் போலன்றி, தண்டனை நம்ப மறுத்தவர்மீதே விழுமாறு விதியை அமைக்கலாம். பணிப்பெண்ணின் எச்சரிக்கையைத் தள்ளும் மருத்துவர் அடுத்த பகடையைப் பாதகமான நிலையில் உருட்டட்டும்; ஏற்பவர் அவரது அறிவையும் சேர்த்துப் பெறட்டும். அப்போது ஏற்றத்தாழ்வு கதையில் இருக்கும்; விதி அதன் பக்கம் நிற்காது.

ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்ற ஒரே சொல் ஆட்டத்தின் வகைப்பாட்டையும் சமூகப் படிநிலையையும் சுட்டுகிறது. தமிழின் 'வகுப்பு' என்ற சொல்லும் பள்ளியறை முதல் சமூகப் பிரிவு வரை நீள்கிறது. ஆட்ட நூல்கள் இதுவரை முதற்பொருளையே பெரிதும் கையாண்டுள்ளன. கோதிக் கதைகளோ இரண்டாம் பொருளில் வாழ்பவை. புதிதாக விதி எழுத அமரும் மாணவர்கள், "இப்பாத்திரம் என்ன செய்யும்?" என்று எழுதுவதற்கு முன், "இப்பாத்திரம் பேசினால் யார் திரும்பிப் பார்ப்பர்?" என்ற கேள்விக்கு விடை எழுதிப் பார்க்கட்டும். அதன்பின் மந்திரம் எவ்வளவு தேவை என்பது தானே விளங்கும்.