கட்டடக்கலைஞன் எங்கே உருவாகிறான்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில வாரங்கள் செல்லுமுன்னரே தமிழ்ப் பெற்றோர் பலர் ஒரே வினாவுடன் அலையத் தொடங்குவர். "இந்தக் கோர்ஸ் அங்கீகாரம் பெற்றதோ?" பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி கிட்டாத பிள்ளைக்குக் கட்டடக்கலை என்பது அவர்தம் கணக்கில் அடுத்த படி. கட்டணம் பெறும் நிறுவனமொன்றின் விளம்பரத் தாளிலே பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் முத்திரை காணப்படுமாயின் வினா அவ்வளவில் அடங்கிவிடும். யாரால் அங்கீகரிக்கப்பட்டது, எந்தக் கட்டம் வரை அங்கீகரிக்கப்பட்டது எனத் தொடர்ந்து கேட்போர் சிலர். அப்பிள்ளை எந்த மண்ணிலே வீடு கட்டப் போகிறது எனக் கேட்போர் அதனினும் அரியர்.

பட்டம் வேறு, தகைமை வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பிரித்தானிய மரபைத் தழுவிய முறையிலே கட்டடக்கலைஞனின் உருவாக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதி முதற் பட்டத்தோடு முடியும். பின்னர் அலுவலகமொன்றிலே பயிற்சி, மீண்டும் கல்வி, மீண்டும் பயிற்சி, ஈற்றிலே தொழில்சார் பரீட்சை. பாடசாலையை விட்டு நீங்கியவன் இவையனைத்தையும் கடக்க ஏழு ஆண்டுகளாயினும் செல்லும். முதற் பகுதிக்கு மாத்திரம் அங்கீகாரம் பெற்ற கற்கைநெறியை முடித்தவன் நடு ஆற்றில் நிற்பவனே. இலங்கையிலே 1976 ஆம் ஆண்டின் சட்டம் கட்டடக்கலைஞர் நிறுவகத்தைக் கூட்டிணைத்தது. 1996 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் வழிப் பதிவுச் சபை தோன்றியது. அப்பதிவு இல்லாதவன் கட்டடக்கலைஞன் என்ற பெயரைச் சூடிக்கொள்ள இயலாது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் ஐந்தாண்டுப் பட்டங்களை அங்கீகரிக்கிறது. ஆயினும் சென்னையிற் பெற்ற பட்டம் கொழும்பிலே தானாகவே செல்லுபடியாகிவிடும் என நம்பிக் கப்பலேறுதல் பேதைமை.

இவையெல்லாம் ஒரு தொழிற்குழு தன் வாயிலை அடைத்துக்கொள்ளும் சூழ்ச்சியே என வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தில் உண்மையே இல்லை எனத் தள்ளிவிடவும் முடியாது. 1958 இல் ஒக்ஸ்போட்டிற் கூடிய பிரித்தானியக் கட்டடக்கலைக் கல்வி மாநாடு, அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே கற்கும் பழைய வழியைப் புறந்தள்ளிப் பல்கலைக்கழகத்தையே அரச பாதையாக்கியது. உழைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தவன் அதனால் நட்டப்பட்டான். ஆனால், பட்டமும் பதிவும் வேண்டாம் என்போர் வழக்கமாகக் கையிலெடுக்கும் எடுத்துக்காட்டு அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. ஜெப்ரி பாவா சட்டத்தரணியாக இருந்து கட்டடக்கலைக்கு வந்தவர் என்பர். உண்மை. ஆயின் அவரும் இலண்டன் சென்று முறையாகப் பயின்று 1957 இலேயே தகைமை பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 38. மேதைக்கே விலக்களிக்காத வழியினின்றும் தம் பிள்ளைக்கு மாத்திரம் குறுக்குப் பாதை தேடுவோர் அந்தப் பெயரைச் சொல்லாதிருத்தல் நன்று.

அவருக்கு முன்னரே மினெற் டி சில்வா பம்பாய்க்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்று கற்று, 1948 இல் பிரித்தானிய நிறுவகத்தின் இணை உறுப்பினராகினார். அந்நாளில் இத்தீவிலே அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரி இருக்கவில்லை. இன்று மொறட்டுவையில் இருக்கிறது. உளச்சார்புப் பரீட்சையிலும் தேறிய சிலருக்கு அங்கே இடமுண்டு. கொழும்பிலே பகுதிநேரமாகக் கற்கவும் வழியுண்டு. வடக்குக் கிழக்கின் பல்கலைக்கழகங்கள் எதிலேனும் கட்டடக்கலைப் பட்டம் உண்டா? இல்லை. போரின் பின்னர் இத்தீவில் மிகுதியாக வீடு கட்டப்பட்ட நிலப்பரப்பு இதுவேயாகும்!

அவ்வில்லாமையின் விலை யாது? இந்திய உதவியுடன் வடக்குக் கிழக்கிலே மட்டும் ஏறத்தாழ 46,000 வீடுகள் எழுந்தன. கூரை கண்ட மக்களின் மகிழ்ச்சியை எவரும் இகழார். எனினும் ஒருசில மாதிரிப் படங்களே மன்னாரின் மணலுக்கும் வன்னியின் களிமண்ணுக்கும் வலிகாமத்துச் சுண்ணக்கல்லுக்கும் பொதுவாயின. 2016 இல் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்ட பொழுதோ நிலைமை இன்னும் மோசம். வெயிலில் அவை எவ்வாறு கொதிக்கும், உப்புக் காற்றில் எத்தனை காலம் நிற்கும், கல்வீட்டை விட ஏன் இத்துணைச் செலவு, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதில் என்ன வேலை என்ற வினாக்கள் எழுந்தன. எதிர்ப்பின் பின்னர் அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. ஆனால் அவ்வினாக்களை எழுப்பியோர் பொறியியலாளர், பொருளியலாளர், அரசியல்வாதிகள், ஊர் மக்கள். மாற்றுப் படத்தை வரைந்து மக்கள் முன் விரித்திருக்க வேண்டிய கல்விக்கூடம் இப்பகுதியில் இருக்கவில்லை.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே ஓடுவது. மலக்குழியைக் கிணற்றிலிருந்து எங்கே, எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது இங்கே வெறும் விதிக்கோவைச் சங்கதியன்று. குடிக்கும் தண்ணீரின் சங்கதி. இரண்டு பரப்புக் காணி நான்காகத் துண்டாடப்படும் காலத்தில் அது கட்டடக்கலைஞனின் முதற் பாடமாயிருக்க வேண்டும். நாற்சார் வீட்டின் முற்றம் மழைநீரையும் காற்றையும் எவ்வாறு ஆண்டது, சங்கடப் படலையின் நிழல் வழிப்போக்கனுக்கு எதற்காக, வைரம் பாய்ந்த பனைமரச் சலாகை எத்தனை தலைமுறை கூரையைத் தாங்கியது என்பனவற்றை அளந்து வரைந்து கற்பிக்கும் வகுப்பு இன்னும் இல்லை. அளப்பதற்கு முன்னரே வீடுகள் இடிந்து போகின்றன. வெளிநாட்டுப் பணத்தில் அவ்விடத்தில் எழுவது சீமெந்துத் தூண் நான்கு தாங்கிய போட்டிக்கோ. பணம் அனுப்பியவர் ஆண்டுக்கு இரு கிழமை மட்டுமே வந்து தங்குவார். வெப்பத்தை அனுபவிப்பது அவருடைய தாயார்.

விரிவுரையாளர் இல்லை, தரம் குறையும், நிறுவகம் அங்கீகரிக்காது என்பன எதிர்தரப்பின் நியாயங்கள். 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபொழுதும், 2014 இல் கிளிநொச்சியில் பொறியியல் மாணவர் காலடி வைத்தபொழுதும் எல்லாம் நிறைந்திருந்தனவா? அங்கீகாரம் என்பது கல்லூரி பிறக்குமுன் கிடைக்கும் சீதனமன்று. மாணவரின் வரைபடங்களையும் மாதிரியுருக்களையும் மதிப்பீட்டாளர் நேரிற் கண்ட பின்னரே அது வழங்கப்படும். ஆகவே முதற் சில தொகுதி மாணவர் ஓரளவு இடரை ஏற்றேயாக வேண்டும் என்பதை மறைத்துப் பயனில்லை. அவ்விடரைக் குறைப்பதற்கு மொறட்டுவையின் ஆசிரியர்களை வருகைதரு விரிவுரையாளராக அழைத்தலும், இரண்டாம் பகுதிக்கு அங்கேயே இடம் உறுதி செய்தலும் இயலாத காரியங்களல்ல.

கிளிநொச்சியில் பொறியியல் பீடம் நிற்கிறது. அதன் ஆய்வுகூடங்களிலே சீமெந்தும் மண்ணும் சோதிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் நுண்கலையும் புவியியலும் வரலாறும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றுக்கிடையே வரைபலகைகள் இருபது வைக்க ஒரு மண்டபம் தேடுவதற்குப் பல்கலைக்கழகப் பேரவையில் இதுகாறும் எத்தனை பேர் குரல் கொடுத்தனர் என்பதை, பெறுபேற்றுத் தாளுடன் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெற்றோர் கேட்கட்டும்.