மீண்டும் வரும் பீதி: சிகிச்சை முடியும் முன் பேச வேண்டியது

பீதித் தாக்குதலுக்குச் சிகிச்சை பெற்று, பல மாதங்கள் அதன் தொல்லையின்றி வாழ்ந்த ஒருவருக்கு, வேலை இழப்பு, குடும்பத்தில் ஒரு மரணம், நீண்ட காய்ச்சல், பிள்ளைப்பேறு போன்ற ஒரு நெருக்கடிக்குப் பின் அதே படபடப்பும் மூச்சுத் திணறலும் திரும்பி வருவது உளநலப் பணியாளர்கள் அனைவரும் அறிந்ததே. ஆயினும், அந்தத் திரும்புதலைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டியே பேசும் வழக்கம் இத்துறையில் போதிய அளவு வேரூன்றவில்லை. அறிகுறிகள் அடங்கியதும் "இனி ஒன்றும் வராது" என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடுவது பரிவினால் செய்யப்படுவதுதான் என்றாலும், பின்னாளில் தாக்குதல் மீளும்போது அந்த ஆறுதலே நோயாளியைப் பெரிதும் உடைத்துவிடுகிறது. மீளுதல் சிகிச்சையின் தோல்வி அன்று; மீளுதலுக்கு ஆயத்தப்படுத்தாமல் முடிக்கப்பட்ட சிகிச்சை முழுமையான சிகிச்சையும் அன்று.

பீதித் தாக்குதல் என்பது சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடும் கடும் அச்சம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய் வகைப்பாட்டுக் கையேடு, நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, நடுக்கம், மரத்துப்போதல், இறந்துவிடுவோமோ என்ற அச்சம் முதலிய 13 அறிகுறிகளில் குறைந்தது 4 இருப்பதை இதற்கு அளவுகோலாகக் கொள்கிறது. எதிர்பாராமல் இத்தாக்குதல்கள் தொடர்ந்து வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ அதைத் தவிர்க்கும் நடத்தையோ ஒரு மாதமாவது நீடித்தால் அது பீதிக் கோளாறு எனப்படும். உடலில் எழும் சாதாரண மாற்றம் ஒன்றைப் பேராபத்தின் அடையாளமாகத் தவறாகப் பொருள்கொள்வதும், அந்தப் பொருள்கோடலால் அச்சம் பெருகி உடல் மாற்றத்தை மேலும் கூட்டுவதும் ஒரு சுழற்சியாக இயங்குகின்றன என்று டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கமே இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடித்தளங்களுள் ஒன்று.

அடங்கிய அச்சம் ஏன் மீள்கிறது என்பதற்கு விடை, கற்றல் பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலமாகவே இருக்கிறது. பழக்கப்படுத்தப்பட்ட எதிர்வினையொன்றை முற்றிலும் அடங்கச் செய்த பிறகும், சிறிது இடைவெளி விட்டால் அது தானாகவே மீண்டும் தலைகாட்டுவதை இவான் பாவ்லோவ் தம் ஆய்வுக்கூடத்து நாய்களிடம் கண்டார். பின்னர் மார்க் பௌட்டனும் பிறரும் செய்த ஆய்வுகள், எதிர்கொள் பயிற்சியின்போது, அதாவது அஞ்சும் சூழலையோ உடலுணர்வையோ திட்டமிட்டுச் சந்திக்கும் பயிற்சியின்போது, பழைய அச்சக் கற்றல் அழிவதில்லை என்பதையும், "இதனால் ஆபத்தில்லை" என்ற புதிய கற்றல் ஒன்று அதன் மேல் அமைந்து அதைத் தடுத்து நிற்கிறது என்பதையும் தெளிவாக்கின. இந்தப் புதிய கற்றல், அது நிகழ்ந்த சூழலோடு இறுகப் பிணைந்திருப்பதால், காலம் கடந்தாலும், இடம் மாறினாலும், இடையில் வேறோர் அதிர்ச்சி நேர்ந்தாலும் தளரக்கூடியது. சிகிச்சையாளர் உடன்வரச் சென்னை மாநகரப் பேருந்தில் பயிற்சி செய்து தேறிய ஒருவர், பணிமாற்றலாகிப் புதிய ஊரில் தனியாகப் பேருந்து ஏறும்போது பழைய அச்சத்தை உணர்ந்தால், அவர் கற்றதை இழந்துவிட்டார் என்று கொள்வதற்கில்லை. கற்றது அந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள்.

பீதிக் கோளாற்றில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. பாம்புக்கு அஞ்சுபவர் பாம்பைக் காணாத வரை அமைதியாக இருக்கலாம். பீதிக்கு ஆளானவருக்கோ அச்சத்தைத் தூண்டும் பொருள் அவருடைய உடலே. உறக்கமின்மை, பட்டினி, துக்கம், இரத்தசோகை, காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வு ஆகியவை இதயத் துடிப்பையும் மூச்சையும் மாற்றும்போது, வாழ்க்கை நெருக்கடி அச்சத்தின் பழைய தூண்டல்களைத் தானே உற்பத்தி செய்து தந்துவிடுகிறது. நெருக்கடிக்குப் பின் பீதி மீள்வது வியப்புக்குரியதாகத் தோன்றாமல், இயல்பாக எதிர்பார்க்கத்தக்கதாக விளங்குவது இதனாலேயே.

இவ்விடத்தில் மருத்துவமனை அனுபவம் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றுண்டு. முதல் முறை தாக்குதல் வந்தபோது நோயாளியின் அச்சம் மாரடைப்பைப் பற்றியதாகவோ மயங்கி விழுவதைப் பற்றியதாகவோ இருந்திருக்கும். இதயச் சுருள் படம் சரியாக இருப்பதைக் காட்டியும், மிகையாக மூச்சிழுக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதாலேயே தலைசுற்றலும் விரல் நுனிகளில் மரப்பும் வருகின்றன என்று விளக்கியும் அந்த அச்சத்தைத் தணித்திருக்கலாம். இரண்டாம் முறை வரும்போது அதே நோயாளிக்கு இது மாரடைப்பன்று என்பது தெரியும். இப்போது அவரைத் தாக்குவது "பழைய நிலைக்கே போய்விட்டேன்", "இது என்னை விடவே விடாது", "எனக்கு மட்டும் சிகிச்சை பலிக்கவில்லை" என்னும் எண்ணங்கள். பேராபத்தாகப் பொருள்கொள்ளும் அதே இயக்கம், உடலுணர்வை விட்டுவிட்டு மீளுதல் என்ற நிகழ்வையே தன் பொருளாக்கிக்கொள்கிறது. இதற்குப் பழைய விளக்கத்தை மீண்டும் ஒப்பிப்பதால் பயனில்லை. மீளுதலுக்கு நோயாளி என்ன பொருள் தருகிறார் என்று கேட்டறிவதே முதல் வேலை.

போதைப் பழக்கச் சிகிச்சைத் துறை இதை முன்னரே உணர்ந்துகொண்டது. ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985இல் வெளியிட்ட மறுபாதிப்புத் தடுப்பு பற்றிய நூல், ஒரு முறை நேரும் சறுக்கலையும் பழைய நிலை முழுமையாகத் திரும்பும் மறுபாதிப்பையும் பிரித்துக் காட்டி, சறுக்கலைத் தம் குறைபாட்டின் சான்றாகக் கொள்வோரே மறுபாதிப்பை நோக்கி எளிதில் தள்ளப்படுகின்றனர் என்று விளக்கியது. அதற்கும் முன்பே, ஆஸ்திரேலிய மருத்துவரான கிளேர் வீக்ஸ், 1962இல் நரம்புத் தளர்ச்சியுற்றோருக்காக எழுதிய நூலிலும் அதைத் தொடர்ந்த எழுத்துகளிலும், பின்னடைவைக் குணமாதலின் ஒரு பகுதியாகவே நடத்தினார். ஆய்வக முறைகளைச் சாராத அவருடைய அணுகுமுறையைத் துறை நெடுங்காலம் உரிய அளவில் மதிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

சறுக்கல் மறுபாதிப்பாக மாறும் பாதையில் பெரும்பங்கு வகிப்பவை பாதுகாப்பு நடத்தைகள், அதாவது அஞ்சும் பேரிழப்பைத் தடுப்பதாக நம்பி நோயாளி செய்யும் சிறு செயல்கள். சட்டைப் பையில் அல்பிரசோலம் மாத்திரை, கையில் தண்ணீர்ப் புட்டி, பேருந்தில் படிக்கட்டை ஒட்டிய இருக்கை, எங்கு சென்றாலும் துணைக்கு ஒருவர் என்று இவை ஓசையின்றித் திரும்பி வருகின்றன. ஆபத்து நேராததற்கு இச்செயலே காரணம் என்று நோயாளி நம்பிவிடுவதால், ஆபத்தே இல்லை என்பதைக் கற்கும் வாய்ப்பு அடைபட்டுவிடுகிறது என்பதைப் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் சுட்டிக்காட்டினார். தமிழ்க் குடும்பங்களில் இந்நடத்தைகள் பலவும் நோயாளியின் பெயரால் குடும்பத்தாரே மேற்கொள்பவை. "நீ போக வேண்டாம், நான் போய் வாங்கி வருகிறேன்" என்னும் தாயின் அன்பைக் குறைசொல்லாமல், அதே அன்பை வாசல்வரை வந்து வழியனுப்பும் துணையாக மாற்றக் கற்றுத்தருவது சிகிச்சையாளரின் கடமை. பணியாளர்களும் இதில் விலக்கல்லர். தாக்குதல் மீண்டதாகத் தொலைபேசியில் கேட்டவுடன் மருந்தின் அளவைக் கூட்டுவதும், தாக்குதலை நிறுத்தும் கருவியாக மூச்சுப் பயிற்சியைத் தருவதும் சில வேளைகளில் அச்சத்துக்கே உறுதுணையாகிவிடுகின்றன.

எனினும், மீண்டு வந்த அறிகுறிகள் அனைத்தையும் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடலாகாது. தைராய்டு மிகைப்பு, இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, ஆஸ்துமா மருந்துகள், மிகையான காப்பி ஆகியவற்றை மீண்டும் ஒரு முறை விசாரிக்க வேண்டும். பராக்ஸெட்டின், வென்லாஃபேக்ஸின் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களுக்குள் தலைசுற்றலும் மின்னதிர்ச்சி போன்ற உணர்வும் பதற்றமும் தோன்றக்கூடும். பென்சோடயசிபைன் வகை மருந்துகளை நிறுத்துவதால் எழும் கலக்கமும் பீதியைப் போலவே தோற்றமளிக்கும்.

ஆயத்தப்படுத்தும் பணி சிகிச்சை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டியது. மிஷெல் கிராஸ்கேயும் உடனாய்வாளர்களும் 2014இல் விளக்கியவாறு, எதிர்கொள் பயிற்சியைப் பல இடங்களிலும், பல நேரங்களிலும், துணையோடும் தனியாகவும் மாற்றி மாற்றிச் செய்யும்போது புதிய கற்றல் ஒரே சூழலுக்குள் முடங்குவதில்லை. களைத்திருக்கும் நாளிலும் உறக்கம் கெட்ட மறுநாளிலும் பயிற்சியைத் தள்ளிவைக்காமல் செய்யப் பழக்குவது இதன் நேரடிப் பயன்பாடு. மருந்து குறைக்கப்படும் காலத்திலும் நின்ற பின்னரும் சில பயிற்சிகளேனும் நடைபெறுவது நல்லது. பார்லோவும் உடனாய்வாளர்களும் 312 பேரைக் கொண்டு நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை நின்று 6 மாதங்கள் ஆனபோது, நடத்தைச் சிகிச்சையோடு இமிப்ரமின் மருந்தும் பெற்றவர்களைவிட அதனோடு வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. மருந்தின் நிழலில் கற்றது மருந்து நின்ற உடலுக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை என்பது இதற்குப் பொருந்தும் ஒரு விளக்கம்.

தொடர்சந்திப்புகளின் மதிப்பும் ஆய்வால் உறுதிப்பட்டதே. சிகிச்சையால் பலனடைந்தவர்களுள் ஒரு சாராருக்கு மாதம் ஒன்றாக 9 பராமரிப்பு அமர்வுகள் அளித்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 21 மாதத் தொடர் கண்காணிப்பின்போது அவர்களிடையே மறுபாதிப்பு 5.2 விழுக்காடாகவும், அமர்வுகள் பெறாதோரிடையே 18.4 விழுக்காடாகவும் இருந்தது. கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் 9 அமர்வுகள் எட்டாக்கனி என்றால், தொலைபேசி வழியாகச் சில நிமிடங்கள் பேசும் இரண்டு மூன்று சந்திப்புகளையாவது முன்னரே நாள் குறித்துத் தரலாம். தாக்குதல் வந்தால் வரச்சொல்வதைவிட, வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் வரச்சொல்வது மேலானது. மீண்டும் வந்துவிட்டதைச் சொல்ல நாணி ஒதுங்கும் நோயாளிகள் அப்போதுதான் கண்ணில் படுவர்.

பீதி மீண்டும் வந்தவரிடம் சிகிச்சையை முதல் அமர்விலிருந்து தொடங்குவது, அவர் அனைத்தையும் இழந்துவிட்டார் என்ற அவருடைய அச்சத்தை ஆமோதிப்பதாகும். முன்பு எது உதவியது, இம்முறை எந்தெந்த இடங்களைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறார், பீதிக்கு முன் நேர்ந்த இழப்பு என்ன என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். அந்த இழப்புக்குரிய துக்கத்துக்கு அதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட வேண்டும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உள்ளனவா என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும். சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நெருக்கடி வேளைக்கென, 2022 அக்டோபர் முதல் இந்தியாவில் இயங்கிவரும் டெலி-மானஸ் தொலைபேசி உளநலச் சேவையின் 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுக்கலாம்.

நல்ல நிலையில் விடைபெறும் நோயாளி ஒவ்வொருவரிடமும், தாக்குதல் மீண்டும் வரக்கூடும் என்பதையும், வந்தால் முதல் நாளிலும் முதல் வாரத்திலும் என்ன செய்வார் என்பதையும் அவருடைய சொற்களிலேயே எழுதி வாங்கி, அதன் படியொன்றை நோயாளிக் கோப்பில் வைக்கும் வழக்கத்தை இவ்விதழின் வாசகர்கள் தத்தம் பணியிடங்களில் இந்த மாதமே தொடங்க வேண்டும்.