தம்பிக்கு வாசிக்கத் தெரியாத கவிதைகள்

இளங்கவிஞர்களைப் பேட்டி காண நம்மிடம் ஒரு தயார்க் கேள்வித்தாள் இருக்கிறது. எப்போது எழுதத் தொடங்கினீர்கள்? பிடித்த கவிஞர் யார்? இதுவரை வாங்கிய பரிசுகள் என்னென்ன? வளரும் எழுத்தாளர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன? பதில் சொல்பவருக்கே இருபது வயதுதான் ஆகியிருக்கும்; ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வியை விடமாட்டார்கள். பிறகு ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது அந்தப் பிள்ளையின் பெயரைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

கெடாவிலிருந்து எழுதும் ஓர் இளங்கவிஞரைச் சந்திக்கும் வாய்ப்பு போன மாதம் கிடைத்தது. கவிதையைப் பற்றி முதலில் பேசவே கூடாது, ஆளைப் பற்றிக் கேட்போம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

இது என் சொந்த யோசனை அல்ல. 1880களில் பிரான்சில் மார்செல் புரூஸ்ட் என்ற பையன் தன் தோழி ஒருத்தியின் ஏட்டில் சில கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்தான். அப்போது அவனுக்குப் பதின்ம வயது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாட்டாக வைத்திருந்த ஏடு அது. உனக்குப் பெருந்துன்பம் எது, எந்தக் குறையை மன்னிப்பாய், எங்கே வாழ விரும்புகிறாய் என்றெல்லாம் கேள்விகள் அச்சாகியிருக்கும், பதிலுக்கு இடம் விட்டிருக்கும். பெருந்துன்பம் எது என்ற கேள்விக்கு அம்மாவைப் பிரிந்திருப்பது என்று எழுதினான் பையன். பின்னாளில் பெரிய நாவலாசிரியராகி, 1922இல் காலமானார். அவர் எழுதிய மாபெரும் நாவலின் தொடக்கமே, அம்மா வந்து முத்தம் கொடுக்காமல் தூங்க முடியாத ஒரு சிறுவனைப் பற்றியது. நல்ல கேள்விக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அன்று விளையாட்டாகச் சொன்ன பதில் முப்பது ஆண்டுக்குப் பிறகும் நின்றுகொண்டிருக்கும்.

நான் சந்தித்தவருக்கு வயது 23. பெயரும் படமும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசவே சம்மதித்தார். தம் கவிதைகளில் வீட்டு விஷயம் இருக்கிறதாம், அம்மாவுக்கு வருத்தமாகிவிடுமாம். பிறந்தது ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டம் இன்று இல்லை. குடும்பம் சுங்கைப்பட்டாணியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடுமுறை நாளாகப் பார்த்து, காலையில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். கூடவே தம்பியையும் அழைத்து வந்திருந்தார். பதினைந்து வயதுப் பையன். ரொட்டி சானாயும் கைப்பேசியுமாகப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டான்.

முதலில், கணக்குப் போடுவது எந்த மொழியில் என்று கேட்டேன். சிரித்தார். "எண்ணுறது மலாய்ல ஐயா. வேலையெல்லாம் இங்கிலீஷ். கோபம் வந்தா தமிழ்." அழுகை? "அதுக்கு மொழி வேணாம்."

கடவுள் நம்பிக்கை உண்டா என்றேன். "தீமிதி அன்னிக்கு இருக்கு. மத்த நாள்ல தேடணும்" என்றார். எழுதும்போது? கொஞ்ச நேரம் பேசாமல் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டிருந்தார். "எழுதும்போது அவர் ஞாபகமே வராது. எழுதி முடிச்ச பிறகுதான் பயமா இருக்கும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பணம், கல்யாணம், தனிமை எல்லாம் வந்தன. கல்யாணப் பேச்சை ஒரே வரியில் முடித்துவிட்டார். பணத்தைப் பற்றி மட்டும் நிறையவே பேசினார். கூடுதல் நேர வேலை செய்தால் மாதம் எத்தனை வெள்ளி வரும், அதில் வீட்டுக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு என்றெல்லாம் விரலில் எண்ணினார். எண்ணியது மலாயில்தான்.

கவிதையில் பொய் சொல்லலாமா என்று கேட்டதும்தான் முகம் மாறியது.

இந்தப் பெண்ணுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த கவிதை ஒன்று உண்டு. விடியலில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு அப்பா பால்மரம் வெட்டப் போகிறார், மங்கில் சொட்டும் பாலில் மகள் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று போகும். மேடையில் வாசித்தபோது முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். "எங்கப்பா மரமே வெட்டினதில்ல ஐயா. லாரி ஓட்டினாரு. மரம் வெட்டினது பாட்டி. நான் பொறந்தப்ப எங்க தோட்டம் முழுக்கச் செம்பனைதான். மங்கை நான் தொட்டதுகூட இல்ல."

பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"லாரின்னு எழுதினா யாரு பரிசு கொடுப்பா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண் அல்ல. நாம்தான். இந்த நாட்டில் ரப்பர் மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டது நேற்று நடந்த கதையா? தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து ஒரு தலைமுறை வளர்ந்து வேலைக்கும் போய்விட்டது. ஆனால் நம் போட்டிக் கவிதைகளில் மட்டும் மங்கும் வாளியும் காண்டாவும் அப்படியே இருக்கின்றன. பாட்டனும் பாட்டியும் பட்ட பாட்டை மறக்கச் சொல்லவில்லை. பாட்டி மரம் வெட்டியதைப் பாட்டியின் கதையாகவே எழுதலாம், அது உண்மை. தொழிற்சாலை வேனில் தூங்கி வழிகிற பேத்தியும் உண்மைதான். நடுவர் நாற்காலியில் இருப்பவர்கள் எதற்குக் கண்கலங்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அப்பா அந்தக் கவிதையைக் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்டாராம். இறப்பதற்கு முந்தின ஆண்டு. "நல்லாருக்குன்னு சொன்னாரு. லாரியைப் பத்தி ஒன்னும் கேக்கல. அவரு கேட்டிருந்தா பரவால்ல."

அதற்கு மேல் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இந்த இடத்தில் ரில்கேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர். 1902இல் ஆஸ்திரியாவின் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் காப்புஸ் என்ற பத்தொன்பது வயது மாணவன் படித்துக்கொண்டிருந்தான். அவன் தன் கவிதைகளை ரில்கேக்கு அனுப்பி, நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டான். 1903 பிப்ரவரியில் பாரிசிலிருந்து பதில் வந்தது. அப்போது ரில்கேக்கே வயது 27தான். கவிதைக்கு அவர் மதிப்பெண் போடவில்லை. உள்ளே திரும்பிப் பார், இரவின் அமைதியில் உன்னையே கேட்டுக்கொள், எழுத விடாவிட்டால் செத்துப்போவாயா என்ற பொருளில் எழுதினார். 1908 வரை அப்படிப் பத்துக் கடிதங்கள். ரில்கே காலமான பிறகு 1929இல் காப்புஸ் அவற்றை நூலாக்கினார். இன்றும் எழுத வரும் பிள்ளைகள் உலகெங்கும் தேடிப் படிக்கும் நூல் அது.

அந்தக் கேள்வியை அப்படியே இவரிடம் போட்டேன். எழுதாமல் இருந்தால் செத்துப்போவாயா?

"சாகமாட்டேன் ஐயா" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். "அப்பா போன பிறகு மூணு மாசம் ஒரு வரிகூட எழுதல. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், ஓவர்டைம்கூட செஞ்சேன். ஒன்னும் ஆகல. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ரில்கேயின் கணக்குப்படி இவர் தேறவில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் எழுதாவிட்டால் உயிர் போய்விடும் என்று சொல்வது சுலபம். மேடையில் சொன்னால் கைத்தட்டலும் கிடைக்கும். எழுதாமலும் இருந்துவிட முடிகிறதே என்று பயப்படுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். காப்புஸ் கதையையும் பாருங்கள். அவர் பெரிய கவிஞராகவில்லை. இராணுவ அதிகாரியானார், பிறகு பத்திரிகைக்காரரானார், பலரும் விரும்பிப் படித்த நாவல்களை எழுதினார். தாம் வெளியிட்ட நூலில் ரில்கேயின் பதில்களை மட்டும் வைத்தார், தம் கடிதங்களை வைக்கவில்லை. அவை அச்சுக்கு வந்தது 2019இல்தான். தொண்ணூறு ஆண்டுகள் உலகம் பெரியவரின் பதிலைப் படித்தது, பையன் என்ன கேட்டான் என்று தெரியாமலே.

சரி, யாருக்காக எழுதுகிறாய் என்று கடைசியாகக் கேட்டேன். அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார்.

தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அக்காள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தம்பி முதலாம் ஆண்டு சேர வேண்டிய நேரத்தில் குடும்பம் பட்டணத்துக்கு வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப வேன் கட்டணம் வேண்டும். தேசியப் பள்ளியோ நடந்து போகும் தூரம். அப்பாவின் சம்பளத்துக்கு எது முடிந்ததோ அது நடந்தது. வீட்டில் பேசுவது தமிழ்தான், பையனுக்குக் காது நிறையத் தமிழ் இருக்கிறது. எழுத்துத்தான் தெரியாது.

அதனால் ஒவ்வொரு கவிதையையும் குரலில் பதிவு செய்து தம்பியின் கைப்பேசிக்கு அனுப்புகிறார். வேலை இடைவேளையில், சில நாள் கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு. தம்பி கேட்டுவிட்டு எனக்குப் புரியல என்று எந்தச் சொல்லைச் சொல்கிறானோ, அந்தச் சொல்லோடு இவர் இரண்டு நாள் மல்லுக்கட்டுகிறார். சிலவற்றை மாற்றிவிடுவார். சிலவற்றுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்வார். மங்கு என்றால் என்ன என்று அவன் கேட்ட அன்றுதான், தாம் மங்கைத் தொட்டதே இல்லை என்பது தமக்கே உறைத்ததாம்.

பையனைக் கூப்பிட்டேன். அக்கா அனுப்புவது புரிகிறதா?

"கொஞ்சம் புரியும் அங்கிள். ரெண்டு மூணு தடவ கேப்பேன். பஸ்லதான் கேப்பேன்."

பிடிக்குமா?

"சிலது சோகமா இருக்கும். அது வேணாம்னு சொல்லுவேன்." சொல்லிவிட்டு மறுபடியும் கைப்பேசிக்குப் போய்விட்டான். எந்த இலக்கியக் கூட்டத்திலும் இப்படி ஒரு வெட்டொன்று துண்டு இரண்டு விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

இப்படிக் காதுக்காக எழுதி எழுதி இவருடைய வரிகள் குட்டையாகிவிட்டன. சொற்கள் எளிமையாகிவிட்டன. மூத்தவர் ஒருவர், மொழி வளம் போதாது, நிறையப் படிக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னாராம். படிக்க வேண்டும்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் எளிமை கண்டு முகம் சுளிப்பது நமக்குப் புதிதல்ல. 1964இல் சி. கமலநாதன் எழுதியதை இந்நாட்டின் முதல் புதுக்கவிதை என்பார்கள். அதற்குப் பின் எத்தனை காலம், இதெல்லாம் கவிதையா என்று நாம் சண்டை போட்டோம்!

கிளம்பும் நேரத்தில் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "மலாய்ல எழுதினா அவனே படிச்சிக்குவான் ஐயா. நான் ஏன் தமிழ்ல எழுதி, அதைப் படிச்சி அனுப்பிக்கிட்டு இருக்கேன்?"

தமிழுக்குச் சேவை, மொழி காத்தல் என்றெல்லாம் அந்தப் பிள்ளையிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறவருக்கு நான் என்ன கடமையை நினைவூட்டுவது? மலாயில் எழுதிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். பார்த்தாராம், நான்கு. மோசமில்லையாம். "ஆனா அதுல வர்ற அப்பா வேற ஆளா இருக்காரு. சுத்தமா பேசுறாரு. எங்கப்பா அப்படிப் பேசமாட்டாரு."

அந்த நான்கையும் தம்பி படித்தானா?

"படிச்சான். அனுப்பி வைக்கச் சொன்னான், குரல்ல."

இப்போது லாரியைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை. போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கிளட்ச் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் போட வேண்டுமா, போட்டிக்கு அனுப்பினால் அப்படியே விடுவார்களா என்று கேட்டு. அப்பா அதை என்னவென்று சொல்வார் என்று திருப்பிக் கேட்டேன்.

"கெளச்சி" என்று பதில் வந்தது. அதையே எழுது என்றேன். நடுவர்கள் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.